மெட்ராஸில் நமக்கு ஒரு வீடு

எங்கள் ஊர் திருக்கடையூர். அறுபது வயது நிறைந்தவர்கள் மனைவியோடு வந்து இன்னொரு முறை தாலி கட்டிவிட்டுப் போகும் ஊர். முகூர்த்த நாட்களில் மண்டபங்களும் லாட்ஜுகளும் நிரம்பி வழியும். இடம் கிடைக்காதவர்கள் வீடு வீடாக அறை கேட்டு வருவார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்களில் அநேகமாக எல்லோருமே ஓர் அறையை வாடகைக்கு விட்டார்கள். அப்பாவும் எங்கள் முன் அறையைக் கொடுப்பார். ஆனால் வாடகை வாங்க மாட்டார். சாமி காரியத்துக்கு வந்தவர்களிடம் காசு வாங்கக்கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார். அம்மா எதிர்க்கட்சி.

அப்படி வந்து தங்கியவர்களில் மெட்ராஸ்காரத் தம்பதி ஒன்று. கணவர் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் அப்போது மனைவியோடு வெளிநாட்டில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. சடங்கில் தம்பதியை உட்கார வைத்துத் தலையில் கலசநீர் ஊற்ற வேண்டும். பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் வரிசையாக நின்று ஊற்றுவார்கள். இவர்களுக்கு அந்த வரிசை மிகவும் சிறியதாக இருந்தது. ஐயர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார். அப்பா கலசத்தில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். அவருக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது.

புறப்படும்போது மெட்ராஸ்காரர் பணத்தை எடுத்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்பாவின் தோளைத் தொட்டு, "மெட்ராஸ் வந்தா லாட்ஜ் கீட்ஜுன்னு போயிடாதீங்க. அங்க நம்ம வீடு இருக்கு" என்று சொல்லி விலாசம் கொடுத்தார்.

அன்று முதல் அப்பாவுக்கு மெட்ராஸில் ஒரு வீடு வந்துவிட்டது. டீக்கடையில், உரக்கடையில், வாய்க்கால் வெட்டும் இடத்தில் யார் மெட்ராஸ் பேச்சை எடுத்தாலும், "நமக்கு அங்க வீடு இருக்கு" என்பார். ஊரில் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்க்கொண்டிருந்த காலம் அது. நிலத்தை விட்டு நகராத அப்பாவுக்கு, வெளியூரில் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வீடாவது இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து நான் தொல்லை கொடுக்க ஆரம்பித்தேன். என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த ஒருத்தியின் அப்பா குவைத்தில் இருந்தார். அவரை விமானம் ஏற்றப் போனபோது மெட்ராஸில் ஒரு பெரிய கடையில் நகரும் படிக்கட்டில் ஏறியதாக அவள் வகுப்பில் தினமும் சொன்னாள். நின்றால் போதும், அதுவே மேலே கொண்டுபோய் விடுமாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறுவடை முடிந்து நெல்லையும் விற்றாகிவிட்டது, முழுப்பரீட்சை லீவும் விட்டாகிவிட்டது. அப்பா சம்மதித்தார். லாட்ஜ் வாடகையை விசாரித்துச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அவங்க ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. ஒரு லெட்டராவது போடுங்க" என்றாள் அம்மா.

"லெட்டர் போட்டுட்டா யாராச்சும் போவாங்க? போட்டா நம்மளுக்குன்னு எதாச்சும் செலவு பண்ணி வைப்பாங்க. சொல்லாம போறதுதான் மரியாத."

எங்கள் பக்கத்தில் அது உண்மையிலேயே மரியாதைதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் தாசில்தாரும் மாப்பிள்ளை வீட்டாரும்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா அரை மூட்டை பொன்னி அரிசி, தேங்காய், மோர்மிளகாய் எல்லாம் கட்டினார். அம்மா தன் பங்குக்கு, துபாய் போகுமுன் என் மாமா சில வாரங்கள் காத்திருந்த மண்ணடி லாட்ஜின் விலாசத்தை வாங்கிப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

விலாசத்தில் இருந்தது அழகான மாடி வீடு. கதவைத் திறந்தது எங்களுக்குத் தெரியாத ஓர் இளம் பெண். அந்த வீட்டு மருமகள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டு, "நாங்க அரிசி கடையிலதான் வாங்குறோம்" என்றாள். அப்பா, "திருக்கடையூர்லேர்ந்து வர்றோம்மா" என்றார். அவள் உள்ளே திரும்பி, "மாமா, கோயில்லேர்ந்து யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தாள்.

பெரியவர் வந்தார். எங்களைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு தேவைக்கு அதிகமான சத்தத்தில், "அடடே, வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டு மருமகளிடம் திரும்பி, "நம்ம சொந்தக்காரங்கம்மா. என் சித்தப்பா பேரன்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. கலசநீர் ஊற்றியதற்கு நம்மைச் சொந்தமாகவே ஆக்கிக்கொண்டார் பார், எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோனார். அடுத்த வாக்கியத்திலிருந்து அவரைப் "பெரியப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்த வீட்டில் என்னைக் கவர்ந்தது கம்ப்யூட்டர். மகன் வீட்டிலிருந்தே ஏதோ தொழில் தொடங்கியிருந்தான். கம்ப்யூட்டருக்கென்று தனி அறை, அதற்கு ஏ.சி. சூடு ஆகாதாம் அதற்கு. "இதுதான் எங்க ரூமா இருந்துச்சு" என்று பெரியவரின் மனைவி எனக்குக் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார். இப்போது அவர்கள் இருவரும் ஹாலில் படுத்துக்கொண்டார்கள். பாய், தலையணை, மாத்திரை டப்பா எல்லாம் சோபாவுக்குப் பின்னால் இருந்தன. நாங்கள் வந்ததால் ஹாலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கும்" என்று பால்கனிக்குப் போய்விட்டார்கள். பட்டணத்துக்காரர்களுக்குக் காற்று என்றால் எவ்வளவு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருமகள் கெட்டவள் இல்லை. எங்களுக்கும் இட்லி கொடுத்தாள். ஆனால் எனக்குப் பால் காய்ச்சப் பெரியவரின் மனைவி சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டதை அம்மா பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை அம்மா பையைக் கட்டினாள். மண்ணடியில் தன் தம்பியின் சிநேகிதர் லாட்ஜில் அறை எடுத்து வைத்திருப்பதாகவும், போகாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்றும் மருமகளிடம் சொன்னாள். எனக்குத் தெரிந்து அம்மா சொன்ன மிக நீளமான பொய் அதுதான். கிளம்பும்போது லாட்ஜ் விலாசத்தைப் பெரியவரின் மனைவியிடம் காட்டினாள். அப்பாவின் முகம் செத்துவிட்டது. "வீடு இருக்கையில லாட்ஜுல தங்குனேன்னு ஊர்ல எப்புடி சொல்றது?" என்று ஆட்டோவில் கேட்டார்.

"சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

மண்ணடி லாட்ஜ் முழுக்க விமானத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள். மாடிப்படி நெடுகக் கயிறு கட்டிய பெட்டிகள். மேனேஜர் கூத்தாநல்லூர்க்காரர். "குடும்பத்தோட இங்க யாரும் வர்றதில்லீங்களே" என்று தயங்கியவர், ஊரைச் சொன்னதும், "நம்ம பக்கமா, வாங்க, வாங்க" என்று கடைசி அறையைத் திறந்து தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொன்னார். வாடகை அப்பா பயந்த அளவு இல்லை. ஆனாலும் அவர் சமாதானம் ஆகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை பெரியவரும் அவர் மனைவியும் லாட்ஜுக்கே வந்துவிட்டார்கள். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். அப்பாவுக்கு உயிர் திரும்பியது. அன்று முழுவதும் அவர்கள்தான் எங்களுக்கு ஊரைக் காட்டினார்கள். நகரும் படிக்கட்டுக்கும் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாவும் அதுவரை அதில் ஏறியதே இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே போனதும் சிரித்தார். இன்னொரு தடவை போகலாமா என்று என்னைக் கேட்டார். நாங்கள் அலுக்கும்வரை போனோம்.

மத்தியானம் லாட்ஜ் அறைக்குத் திரும்பியதும் அந்த அம்மா கட்டிலில் சாய்ந்தார். அடுத்த அறையில் யாரோ பெட்டியை இழுக்கும் சத்தம், கீழே தெருவில் வண்டிச் சத்தம், எதுவும் அவரை எழுப்பவில்லை. சாயங்காலம் வரை தூங்கினார். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்ததும் வெட்கப்பட்டு, "இப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். அம்மா அவருக்குத் தலை வாரி விட்டாள்.

இரவு பஸ்ஸுக்கு அவர்களும் பாரிஸ் கார்னர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தார்கள். நேரமாகிறது, கிளம்புங்கள் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியும் போகவில்லை. நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள்.

"உங்க வீட்டுல அந்த முன் ரூம் இருக்கே, முகூர்த்தம் இல்லாத நாள்ல அதுல யாராவது இருக்காங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"யாரு இருக்கா? சும்மாதான் கெடக்குது" என்றார் அப்பா. "எப்ப வேணாலும் வாங்க. எத்தன நாள் வேணாலும் இருங்க."

"எத்தனை நாள்னா?" என்றார் பெரியவர்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

"ஒரு வாரம் தாராளமா இருங்க பெரியப்பா" என்றார் அப்பா.

அம்மா சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பெரியவர் கம்பியை விட்டுவிட்டு, "ஒரு வாரம்" என்று மனைவியிடம் சொல்வது தெரிந்தது. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்கள் முன் அறையில் யாரும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. ஒரு வாரத்தைத் தூக்கிக் கொடுத்த அப்பாவை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. செங்கல்பட்டு தாண்டியும் அம்மா அவரோடு ஏன் பேசவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.