கும்மிக்குள் வந்த டிஸ்கோ

பாளையம்பட்டி ஜான்ராஜுக்கு ஒரு டிஸ்கோ பாட்டு மேல் அப்படியொரு கிறுக்கு. அந்தக் கிறுக்கு 1986 பங்குனியில் அவர் மனைவி சவுந்தரத்தை வேப்பமரத்தில் தவிக்கவிட்டது.

திருவிழாக்களுக்கு ரேடியோ செட் போடுவது அவர் தொழில். குழாய் ஸ்பீக்கர் கட்ட மரமேறிய இடத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றின் முளைப்பாரிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. சவுந்தரமே செட்டை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள்.

ஊர்ப் பெரியவர் இருளப்பசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பள யாரும் வரலையா? சாமி காரியம்மா. கெடுத்துப்புட்டா அடுத்த வருசம் ஒங்க செட்டு இங்க வராது, சொல்லிப்புட்டேன்."

இந்த ஊர் போனால் சுற்றியுள்ள நாலு ஊரும் போய்விடும். அப்புறம் செட்டை விற்க வேண்டியதுதான். சவுந்தரம் கும்மிப் பாட்டு கேசட்டைப் போட்டாள். முளைப்பாரிகளைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டினார்கள். காற்றில் குழாய் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காகச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினாள்.

கும்மிப் பாட்டு முடிந்தது. அடுத்து, டம் டம்மென்று டிஸ்கோ!

கேசட்டின் கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்திருக்கிறது. வீணாகப் போகிறதே என்று அந்த மகராசன் தன் பாட்டைப் பதிந்து வைத்திருக்கிறார். செட்டை நிறுத்தச் சவுந்தரம் கீழே ஓடியாக வேண்டும். இறங்கலாமென்றால் சேலை கிளையில் மாட்டிக்கொண்டது. கட்டின புருசனை மனசாரத் திட்டினாள்.

கீழே கும்மி நின்றுபோனது. இருளப்பசாமி ஓடிப்போய் எதையோ திருகினார். சத்தம் இரண்டு மடங்கானது. பிறகு எதையும் தொட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது கும்மியில் முன்னால் நின்ற முத்துப்பேச்சி கத்தினாள்: "ஏ, ஏன் நின்னுட்டீக? இந்த அடிக்குக் கை கணக்கா விழும், கொட்டுங்கடி!"

வட்டம் மறுபடி சுழன்றது. அத்தனை கையும் அந்த அடிக்கு ஒன்றாக விழுந்ததை சவுந்தரம் மேலிருந்தே பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சேலையை விடுவித்து அவள் இறங்குவதற்குள் பாட்டு முடிந்திருந்தது.

"யாத்தா, அத இன்னொருக்கா போடு" என்றார் இருளப்பசாமி.

பதினொரு வருசம் ஓடிவிட்டது. எத்தனையோ பாட்டுகள் வந்து போயின. அந்த ஊர் முளைப்பாரியில் கடைசிக் கும்மி இன்றும் அந்தப் பாட்டுக்குத்தான். இந்தப் பங்குனிக்கும் இருளப்பசாமி வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வந்தார். கால் தேறியதிலிருந்து ஜான்ராஜ் மற்ற ஊர்களுக்கெல்லாம் போய்க் குழாய் கட்டுகிறவர்தான். வெற்றிலையை வாங்கக் கை நீட்டினார்.

பெரியவர் தட்டை நகர்த்திக்கொண்டார். "நீங்க இருங்க தம்பி. அவுககிட்டத்தான் குடுக்கணும்."

ஜான்ராஜ் உள்ளே பார்த்து முனகினார்: "பாட்டு என்னோடதாக்கும்!"

"பாட்டு ஒங்களதுதான்" என்று வெற்றிலையை வாங்கிக்கொண்டாள் சவுந்தரம். "ஊரு என்னோடது."