ரோஸ் சட்டைக் கிளப்

எங்கள் தெருக் கிளப்புக்கு முதலில் சட்டையே கிடையாது. ராயபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்தில் நாலைந்து சிநேகிதர்கள் சேர்ந்து ஆரம்பித்த கால்பந்துக் கிளப் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், படகு ஓட்டுகிறவர், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருக்கிறவர் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து வெறுங்காலோடு ஆடுவார்கள். எதிர்க் கட்சி சட்டை போட்டிருந்தால் இவர்கள் வெற்றுடம்பு. அவர்களும் வெற்றுடம்பாக வந்துவிட்டால் இவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். பந்தைத் தலையால் முட்டும்போது துண்டு அவிழ்ந்து பந்துக்குப் பின்னாலேயே கோலுக்குள் போன கதையை நைனா கடைசிவரை சொல்லிச் சிரித்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். அவருக்குப் பந்தாட வராது. அதனாலேயே அவரைக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள்.

லீக்கில் சேர்ந்ததும் வெற்றுடம்புக்கு முடிவு வந்தது. எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நைனா எங்கிருந்தோ மாவு மூட்டைத் துணி வாங்கி வந்தார். கப்பலில் மைதா வந்த மூட்டைகள் அவை. அவற்றைப் பிரித்து, துவைத்து, கழுத்தும் கையும் வெட்டித் தைத்தவள் என் அத்தை. எவ்வளவு வெளுத்தும் மாவுக் கம்பெனியின் முத்திரை போகவில்லை. ஒருவர் முதுகில் பாதி மாட்டுத் தலை, இன்னொருவர் வயிற்றில் தலைகீழாக நாலு இங்கிலீஷ் எழுத்து. ஆனாலும் வெள்ளைச் சட்டை வெள்ளைச் சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையாக மைதானத்துக்குப் போகிறபோது சந்தே வாசலுக்கு வந்து பார்க்கும்.

அத்தை என்றால் நைனாவின் கூடப்பிறந்த தங்கை. வண்ணாரப்பேட்டையில், துணிக்குச் சாயம் போடுகிற ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான வருஷமே அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட இருந்திருக்காது. அதன் பிறகு வெள்ளைப் புடவைதான். வீட்டு வேலை எல்லாம் செய்வாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், யாராவது வந்தால் உள்ளே போய்விடுவாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

லீக்கில் இரண்டாம் வருஷம் ஒரு கம்பெனிக் கட்சியோடு ஆட்டம் வந்தது. அவர்களும் வெள்ளைச் சட்டைதான். காலர் வைத்த, பளபளக்கிற வெள்ளை. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் ஆள் ஒருவர் பந்தை அழகாக எதிரி காலுக்கே தள்ளிவிட்டார். அவர்களும் அதையே செய்தார்கள். நடுவரான வெள்ளைக்காரர் யார் யாரைத் தள்ளினார் என்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஆட்டத்தை நிறுத்தி, வேறொரு நாள் ஆட வேண்டும், புதிதாகச் சேர்ந்த கட்சிதான் நிறத்தை மாற்ற வேண்டும், மாற்றாமல் வந்தால் லீக்கில் இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் கிளப் முழுக்கக் கூடியது. புதிய துணிக்கு வழியில்லை, இருப்பதற்கே சாயம் போடுவது என்று முடிவானது. ஆனால் என்ன நிறம்? பச்சை என்றார் ஒருவர். கறுப்புதான் அழுக்குத் தாங்கும் என்றார் இன்னொருவர். பேச்சு சண்டையாகிற சமயத்தில் நைனா சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"சாயம் போடப் போறது அவ. அவளையே கேப்போம். இன்னா கலரு போட்லாம், சொல்லும்மா."

கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அத்தை, "செவப்பு" என்றாள்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆட்ட நாள் திடீரென்று முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அத்தை கொல்லையில் அண்டாவை ஏற்றி எல்லாச் சட்டையையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டினாள். சாயம் நிற்பதற்குப் படிகாரத் தண்ணீரில் ஊற வைத்து நிழலில் நிதானமாகக் காயவிட வேண்டும், அதற்கு நேரமில்லையே என்று புலம்பிக்கொண்டே செய்தாள். கொடியில் தொங்கிய சட்டைகளில் மாட்டுத் தலையும் இங்கிலீஷ் எழுத்தும் மறைந்துபோயிருந்தன. அத்தையின் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. நான் அவற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்தாள்.

"இன்னாடி இது, நீ கையில மருதாணி வெச்சிகினு கீறே?"

அத்தை கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மாதான் பதில் சொன்னாள். "சட்டைக்கு சாயம் போட்ட கை அது. ஒன் வூட்டுக்காரர் சட்டையும் அதுலதான் கீது. வேணான்னா சொல்லு, வெள்ளையாவே குட்த்துடறோம்."

ஆட்டத்துக்கு நைனா என்னைத் தோளில் தூக்கிப் போனார். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய மைதானம். நாங்கள் கிளம்பும்போதே எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அத்தை வாசல் வரை வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாதியில் எங்கள் ஆட்கள் தீப்பிடித்த மாதிரி இருந்தார்கள். ஆட்டத்தைச் சொல்லவில்லை, சட்டையைச் சொல்கிறேன். இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் நிஜார்கள் சிவந்தன. பிறகு கால்கள். பிறகு அவர்கள் நின்ற இடத்துத் தண்ணீர். கம்பெனிக்காரர்கள் இவர்களை மோதித் தள்ள வந்து, தங்கள் காலர் சட்டையில் சிவப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் சிவப்புக் கட்சியும் வெள்ளைக் கட்சியும் கிட்டத்தட்ட ஒரே ரோஸ் நிறத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. கூட்டத்தில் ஒருவர், "இன்னாபா, ரெண்டு பேரும் சம்பந்தி ஆய்ட்டாங்க" என்றார். நடுவர் மறுபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் இந்த முறை நிறுத்தவில்லை.

கடைசியில் கம்பெனிக்காரர்களில் ஒருவன் கோலுக்கு மிக அருகிலிருந்து அடித்தான். எங்கள் கோல்கீப்பர் கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்பவர், நெட்டையான மனிதர், யாரோடும் அதிகம் பேசாதவர். சேற்றில் விழுந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார். யாருக்கும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. தோற்றிருந்தால் கடைசி இடத்துக்குப் போய் லீக்கைவிட்டே விலக வேண்டியிருக்கும்; தோற்காததால் எங்கள் இடம் தப்பியது. நைனா என்னைத் தோளிலேயே வைத்துக்கொண்டு குதித்தார்.

வீட்டில் கதவருகே காத்திருந்த அத்தையிடம் நான் ஓடிப்போய் முதலில் சொன்னது, "சாயம் அல்லாம் பூட்ச்சி அத்தே" என்பதுதான். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவள் கேட்கவே இல்லை. கொல்லைக்குப் போய் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் கிளப் ஆட்கள் ரோஸ் நிற மனிதர்களாக முற்றத்துக்கு வந்தார்கள். கழுத்து, காது, விரல் இடுக்கு எங்கும் ரோஸ். திட்டப் போகிறார்கள் என்று நினைத்து நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பேசாத மனிதரான கோல்கீப்பர்தான் கொல்லைக் கதவருகே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாங்க தோக்கலம்மா. அந்தப் பந்து செவப்பாப் பூட்ச்சி. மழையிலயும் பளிச்சுனு தெரிஞ்சுது. அதான் புட்சேன்."

அத்தை சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மறுபடி போட்டுத் தரேன்" என்றாள். "செவப்பு வேணாம். இப்ப நிக்கிற கலரே நல்லாத்தான் கீது. ஆனா ஒவ்வொண்ணா கொண்டாந்து குடுங்க. மொத்தமாப் போட்டா சாயம் சீராப் பிடிக்காது."

மொத்தமாகப் போட்டவளே அவள்தான். எனக்கு ஞாபகம் இருந்தது, சொல்லவில்லை.

அதன் பிறகு கோல்கீப்பர் ஷெட்டில் வேலை முடிந்து வருகிற வழியில் ஒவ்வொரு சட்டையாகக் கொண்டுவர ஆரம்பித்தார். கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவருக்கு எங்கள் வீடு எப்படி வழி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சட்டையைக் கொடுப்பார், காய்ந்த சட்டையை வாங்கிக்கொள்வார், சாயம் பிடித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கே நேரமாகும். ஒரு நாள் நைனா வாசலில் பல் குத்திக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"ஆட்றது பதினோரு பேரு. பதினஞ்சாவது சட்டை வந்துகினு கீது."

அம்மா, "வர்ட்டுமே" என்றாள்.

அந்த ரோஸ் நிறமே எங்கள் கிளப்புக்கு நிலைத்துவிட்டது. மற்ற கட்சிக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பழகிப்போய், எங்களை ரோஸ் சட்டைக் கிளப் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். மூட்டைத் துணி கிழிந்து நல்ல துணி வந்த பிறகும் நிறம் மாறவில்லை.

தை மாதத்தில் எங்கள் முற்றத்திலேயே அத்தையும் கோல்கீப்பரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் பலர் வரவில்லை. கிளப் முழுக்க வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் நைனா என்னைக் கூப்பிட்டு, கோல்கீப்பரைக் காட்டி, "இனிமே அவர நீ மாமான்னு கூப்புடணும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அம்மா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளப்பில் இருக்கிற அத்தனை பேரையும் நான் மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரையும் அப்படித்தான். ஏற்கெனவே கூப்பிடுகிற பெயரை மறுபடி சொல்லித் தருவதற்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சொன்னபடியே அவரிடம் போய், "மாமா" என்றேன்.