சுருங்கவில்லை, ஆனால் பாடவில்லை

போன வாரம் ஆம்பூரில் ஒரு ரெக்கார்டு பிளேயர் செத்துப் போனது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நான்தான் சாட்சி.

நான் கெமிஸ்டாக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கு எதிரில் யூசுப் புதிதாக மைக் செட் கடை வைத்திருக்கிறார். முதல் கல்யாண ஆர்டர் — மாதனூரில், மறுநாள். அது கெட்டால் ஊரில் பெயர் கெட்டது; அடுத்தவன் எவன் கூப்பிடுவான்? அந்த நேரம் பார்த்து பிளேயரின் ஊசித் தலையில் ஒயர் அறுந்துவிட்டது.

உதவிக்கு வந்தவர் அவருடைய மச்சான் பாஷா, எங்கள் ஷாப்பு மேஸ்திரி. பழுக்கக் காய்ந்த சால்டரிங் கம்பியை ஊசித் தலையில் அழுத்திப் பிடித்தார். ஈயம் ஒட்டியது. உள்ளே ஊசியோடு ஒட்டியிருந்த பீங்கான் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுருங்கல, கருகல. இன்னாத்துக்கு பயப்படுறே மச்சான்? சூடு தாங்கிடுச்சி!”

குரோம் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க நாங்கள் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். சுருங்கினால் பதம் போதாது. சுருங்காவிட்டால் பாஸ். பாஷா ஆயுசு முழுக்க அப்படிப் பார்த்தவர். கண்ணுக்குத் தெரியாமலும் ஒரு பொருள் கெடும் என்று அவர் எதற்கு நினைக்கப் போகிறார்?

பாட்டுப் பிளேட்டைப் போட்டார்கள், சுற்றியது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

அந்தச் சில்லு பேரியம் டைட்டனேட். உள்ளே ஒவ்வொரு டைட்டானியம் அணுவைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன். டைட்டானியம் நட்டநடுவில் உட்கார வேண்டியதுதானே? உட்காராது. ஆக்சிஜனோடு எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் பிணைப்பு, அதை ஒரு பக்கமாக இழுத்து வைக்கிறது. இந்தச் சாய்வு இருப்பதால்தான் ஊசி அசைந்து சில்லை அழுத்தும்போது மின்சாரம் பிறக்கிறது. கொதிநீரையும் தாண்டிய சூட்டில் அணுக்களின் ஆட்டம் பிணைப்பின் இழுப்பை ஜெயித்துவிடும்; டைட்டானியம் நடுவுக்கு வந்துவிடும். ஆறினால் மறுபடி சாயும்... ஆனால் இடத்துக்கு இடம் வேறு வேறு பக்கமாக. ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்ப, சில்லு செய்த ஃபாக்டரியில் பலமான மின்சாரம் கொடுத்திருப்பார்கள். ஆம்பூரில் அதற்கு எங்கே போவது?

இதை நான் விளக்கியபோது யூசுப் கேட்கிற நிலையில் இல்லை.

“பேஜார் பண்ணாதீங்க சார். நாளைக்கு கல்யாணத்துல இன்னாத்த வெக்கிறது?”

கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

நல்லவேளை, மைக் பிழைத்திருந்தது. மறுநாள் அதைப் பாஷாவே கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஷாப்பில் பாதிப் பேர் மாதனூர்க்காரர்கள். வீட்டுக்கு வீடு அவருக்குத் தெரியும்.

“சின்னசாமி அண்ணே, பந்தி ரெடி, வாங்க! டேய் முருகேசா, பாயசம் கம்மியா ஊத்தாதே!”

ஷாப்பில் கத்துகிற அதே குரல். பந்தி முடியும்வரை நிறுத்தவில்லை.

நேற்று குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் கடைக்கு வந்தார். மாதனூர் கல்யாணத்தில் சாப்பிட்டவராம். அவர் வீட்டிலும் கல்யாணம். புது ஊசித் தலை வந்துவிடும் என்று யூசுப் மென்று விழுங்கினார்.

“பாட்டு கெடக்குது பாய். அந்தக் கத்துற ஆளு வருவாரா?”

குடியாத்தத்தில் பாஷாவுக்கு ஒரு ஆளையும் தெரியாது. இப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்!