தண்ணி காட்டிய கன்றுகள்

என் அக்கா முப்பத்து நான்கு வயதில் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியல் படிக்கச் சேர்ந்ததும், குடும்பமே அவளை டாக்டராக்கிவிட்டது. சித்தப்பா மறுநாளே தும்முகிற பூனையைப் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கல சித்தப்பா. தீவனம், வளர்ப்பு, எடை, இதுதான் எங்க படிப்பு."

"ஊசி போடக்கூடச் சொல்லித்தர மாட்டாங்கன்னா எதுக்கும்மா நாலு வருஷம்?"

அக்கா சிரித்தாள். அவளுக்குக் கோபம் வராது, அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். நான் தையல்காரன், வாய் கொஞ்சம் நீளம். பூனைக்குச் சட்டை வேண்டுமானால் அளவெடுக்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அக்கா காய்கறிக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவள் வயதில் பாதி. முதல் வாரம் ‘ஆன்ட்டி’ என்றவர்கள், வேதியியல் தேர்வு முடிந்ததும் நோட்டு கேட்டு ‘அக்கா’ என்று வந்தார்கள். அவள் எதற்கும் அசரவில்லை. சாணி மிதித்த பூட்ஸோடு என் கடைக்குள் வருவாள், அதற்கு மட்டும் நான் கத்துவேன்.

கடைசி வருட ஆய்வுக்குப் பன்னிரண்டு கன்றுக்குட்டிகள். ஆறுக்குப் பழைய தீவனம், ஆறுக்குப் புதுக் கலவை, வாரா வாரம் எடை. புதுக் கலவை தின்றவை மளமளவென்று எடை ஏறின. ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். இப்படியே முடிந்தால் பல்கலைக்கழகப் பண்ணையிலேயே வேலை என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு வேலையை நினைத்துத்தான் அக்கா கடையை விட்டிருந்தாள்.

பதினான்காவது வாரம் ஏதோ சந்தேகத்தில், ஒரு கன்றை அடுத்தடுத்து இரண்டு நாள் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரே நாளில் எட்டு கிலோ கூடியிருந்தது. கடையில் தண்ணீர் தெளித்த கீரையை எத்தனை முறை நிறுத்திருப்பாள். அடுத்த முறை எடை முள்ளைப் பார்க்காமல் கன்றுகளைப் பார்த்தாள். எடை மேடைக்குப் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. புதுக் கலவையில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதைத் தின்ற ஆறும் வயிறு முட்டக் குடித்துவிட்டு நேராக மேடையில் ஏறின. மற்றவை தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருக்குக்கா தெரியப்போகுது? எழுதிக் குடுத்துட்டு வேலைய வாங்கு" என்றேன்.

"நாளைக்கு அந்தத் தீவனத்த மூட்டை மூட்டையா வாங்கிப் போடப்போறது யாருடா, நீயா?"

பேராசிரியரிடம் சொன்னாள். அவர் தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வெறும் வயிற்றில் திரும்ப எடை போடச் சொன்னாராம். போட்டால் இரண்டு தீவனத்துக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. அதை அப்படியே எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வீட்டார் பின்வரிசையில் உட்காரலாம். நான் போனேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பதினாறு வாரம் பாடுபட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்க. அப்போ என்னதான் கண்டுபிடிச்சீங்க?"

"ஆறு கன்னுக்குட்டி எனக்குத் தண்ணி காட்டினதக் கண்டுபிடிச்சேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன். அப்போது பேராசிரியர் எழுந்தார்.

"ஒன்பது வருஷமா எடை மெஷின் அந்தத் தொட்டிகிட்டதான் சார் இருக்கு. நான் எழுதின ஆய்வு எல்லாமே அதுல போட்ட எடைதான். அத்தனையும் முதல்லேர்ந்து பாத்தாகணும்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் அக்கா பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடுறீங்களாம்மா?"