தேடிப் போய்க் கேட்டவர்

என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தியை எங்கள் தட்டச்சுக் கடைக்குக் கொண்டு வந்தவர் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணன். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் அந்தப் பக்கம், சாம்பியன் ரீப்ஸிலிருந்து, கடை இருக்கும் ஊரிகம் வரை நடந்தே வந்திருந்தார். மூச்சு திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உங்க அக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா, அவ்ளோதான்.” சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர் அவர். அவர்தான் முதலில் போவார் என்று எல்லோரும் பயந்திருந்தோம். அக்காவும்தான்.

மனு அடிக்க வந்தவர்களுக்கெல்லாம் அக்காவின் ‘பிசீச்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியும். மனுவில் மற்றவர்கள் ‘ரிக்வெஸ்ட்’ போடும் இடத்தில் அவர் அதைத்தான் அடிப்பார். முதலாளி கிண்டல் செய்வார்: “இன்னா ஸ்டெல்லா, ஆபீசருக்கு எழுதுறியா, ஆண்டவருக்கு எழுதுறியா?”

“ரெண்டு பேரும் பதில் போடறதில்ல சார். ஒரே வார்த்தை போதும்.”

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஒருநாள் அகராதியைப் பார்த்துவிட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். பிசீச் என்றால் மன்றாடுவது. ஆனால் அதற்குள் இருப்பது ‘சீக்’, தேடுவது என்ற பழைய சொல். முன்னால் நிற்கும் ‘பி’ அதற்கு அழுத்தம் சேர்க்கிறது. விடாமல் தேடுவதுதான் போகப்போக மன்றாடுவதாகியிருக்கிறது.

அக்கா விரல்களை மெஷினிலிருந்து எடுத்தார். “அப்போ தபால்ல போட்டா செல்லாதுன்னு சொல்லு. தேடிக்கினு போவணும்.”

அப்போது சுரங்கம் மூடியிருந்தது. அண்ணனின் மாதாந்திர மருந்துக்கு உதவி கேட்கும் மனுவோடு மறுநாளே அக்கா கோலாரிலிருந்த அரசு அலுவலகத்துக்குக் கிளம்பினார். துணைக்கு நான். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா நிமிராமலே, “நாளெ பன்னி” என்றார். கன்னடத்தில், நாளை வாருங்கள். பஸ்ஸில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்: “மனுசியா வந்தா வேலைக்காவாதாம். பன்னியா வரணுமாம்!” சிரித்து முடித்ததும் வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகும் பலமுறை போனார். பதில் மாறவில்லை.

அடக்கம் முடிந்த சில நாளில் மரியதாஸ் அண்ணன் கேட்டார்: “அந்த மனு இன்னாம்மா ஆச்சு?” புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு தனியாகக் கோலாருக்குப் போனேன். ஜன்னலில் குரல் எழவில்லை. காகிதத்தை மட்டும் நீட்டினேன்.

“நாளெ பன்னி.”

சிரிக்க அக்கா இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘பிசீச்’ என்ற அந்த ஒரு வினைச்சொல். அதன் பொருள் தெரியும், வேர் தெரியும். அந்த ஜன்னலில் அதைச் சொல்லத்தான் வரவில்லை. நாளையும் போவேன்.