பைக் சூடும் பண்டாரவளை மேட்சும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சூடாக்கவும் ஆற்றவும் ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருப்பார்கள்; அந்த வைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பதுதான் நம் பிழைப்பு. இதே பாடு படுகிற சக மெக்கானிக்குகளே, நான் பட்டதையும் கேளுங்கள்.

லுணுகலையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன்; தோட்டத்து ஆட்களுக்கு நான் 'நானா', அதாவது அண்ணன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சிவா என் வாடிக்கையாளன். அவர்களுடைய தோட்டத்து கிரிக்கெட் அணி முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. ஆட்டம் பண்டாரவளையில். வேகமாகப் பந்து போட அணியில் இருக்கிற ஒரே ஆள் சிவா. அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதோ அவனுடைய பழைய பைக். அதை ஒழுங்காக ஓடவைப்பது என் பொறுப்பு. தோட்டத்துக்காரர்களை விட எனக்குத்தான் பரபரப்பு அதிகம்.

லயத்துக்கு அலாரம்

சிவா விடியும் முன்னே பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை அதை உறுமவிடுவான். எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டுமாம். இப்படி நிறுத்திவைத்து உறுமவிட்டால் பெட்ரோல்தான் தீரும், ஒரு நிமிஷம் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போ என்றேன். பையன் சொன்னபடி கேட்டான். எனக்கு ஏகப் பெருமை.

அந்த வாரமே அவன் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கராஜுக்கு வந்து நின்றார். கொழுந்து பறிக்கிறவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போயாக வேண்டும். அந்த லயத்து வரிசை வீடுகளில் யாருமே கடிகாரத்தை நம்பி எழுவதில்லையாம்.

"நானா, அந்தச் சத்தத்த திருப்பிப் போட்டுக் குடுங்க. ரெண்டு நாளா லயமே பெரட்டுக்கு லேட்டு."

பீலித் தண்ணீர்

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் ஏற்றத்தில், மலைத் தண்ணீர் கொட்டும் பீலி ஒன்று உண்டு. பைக்கில் வருகிறவர்கள் அங்கே நிறுத்தி, தொப்பியில் தண்ணீர் பிடித்துக் கொதிக்கிற எஞ்சின் மேல் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். எல்லோருக்கும் பரம திருப்தி. ஒருநாள் சிவாவும் அதையே செய்வதைக் கண்ணால் கண்டேன். சூடான லாம்புச் சிமினியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும், சிலிண்டருக்கும் அதே கதிதான் என்று கத்தினேன். இனி ஒரு சொட்டுக் கூடப் படக்கூடாது, சட்டென்று குளிரவே கூடாது, தானாக ஆறட்டும் என்று கட்டளை போட்டேன். அவன் பைக்கைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மலையேறி வந்தா நாங்க இந்தப் பீலியிலதான நானா மூஞ்சி கழுவுறோம்."

கம்பளி

மறுநாள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். சைலன்சரில் கருகிய கம்பளி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கராஜ் முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம். வீட்டுக்குப் போனதும் சூடான எஞ்சினுக்குப் போர்த்திவிட்டிருக்கிறான்.

"சட்டுனு குளிரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

தெமோதரை ஏற்றம்

மேட்ச் அன்று, வழியில் வண்டி மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தெமோதரை தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. சூட்டு வாடை. ஓரம் கட்டினோம். கேப்டன் போனில் பிடித்துக்கொண்டார். டாஸ் போடும்போது சிவா மைதானத்தில் நிற்காவிட்டால் வேறொருவன் பேரைக் கொடுத்துவிடுவார்களாம். சிவாவின் கண் பக்கத்து ஓடைக்குப் போனது. நான் இரண்டு கையையும் விரித்து எஞ்சினுக்கு முன்னால் நின்றேன்.

அப்போதுதான் தோட்டத்து ஆதரவாளர்கள் லொறியில் தப்படித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அத்தனை பேரும் குதித்து இறங்கினார்கள். நாலு, ஆறு என்று எழுதிய அட்டைகளால் எஞ்சினுக்கு விசிறினார்கள். குடை பிடித்தார்கள். ஒருவர் வாயால் ஊதினார். அந்தப் பக்கம் விசிறு, இந்தப் பக்கம் விலகு என்று நான் தொண்டை கிழிய உத்தரவு போட்டேன். கேப்டன் மறுபடியும் போன் அடித்தார். சிவாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

லொறியை விட்டு இறங்காமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாரியாயி அக்கா, நிதானமாக எட்டிப் பார்த்தார்.

"ஏன் நானா, இன்னைக்குப் பந்து போடப்போறது தம்பியா, பைக்கா?"

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. நான் லொறியைப் பார்த்தேன். சிவா என்னைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் அவனை ஏற்றிக்கொண்டு, தப்பு முழங்க, லொறி மேட்டில் ஏறி மறைந்தது. டாஸுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டான். நான் ஆறின பைக்கில் தனியாகப் போய்ச் சேர்ந்தபோது, அவன் எதிரணியின் ஸ்டம்பைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். கோப்பை எங்கள் பக்கம்தான். நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

எஞ்சின் சூடு தானாகவே ஆறிவிடும் நண்பர்களே, மெக்கானிக்கின் மண்டைச் சூட்டை ஆற்றத்தான் ஒரு லொறி ஆள் வேண்டியிருக்கிறது.