வடக்கு மலையில் இல்லாத செடி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பசையக்கா. சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. காட்டில் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த செடிகள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றையும் கெட்டியான வெள்ளைத் தாளில் பரப்பி ஒட்டுவாள். முரண்டு பிடிக்கும் தண்டை நூலால் தைப்பாள். கடைசியாக வலது பக்க மூலையில் சீட்டு. எந்த மலை, எவ்வளவு உயரம், பறித்தவர் யார், தேதி, எண் எல்லாம் அதில்தான்.

"செடி செத்துதான் நம்மகிட்ட வருது. சீட்டுதான் அதுக்கு உயிர்" என்று அந்தக் காலத்து இயக்குநர் ஒருவர் சொல்வார். பசையக்காவும் புதிதாக வருகிறவர்களிடம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில் இரண்டு கட்டுகள் வந்தன. ஒன்று வடக்கு மலையிலிருந்து, மற்றது தெற்கு முகட்டிலிருந்து. இரண்டிலும் காப்பிக் குடும்பத்துப் புதர்ச்செடி ஒவ்வொன்று இருந்தது. எதிரெதிரே இலைகள், இலைக்காம்புகளுக்கு நடுவே சின்னச் செதில், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. காய்ந்ததும் இரண்டுமே கருத்துப்போயிருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

இரண்டையும் ஒட்டி முடித்து, சீட்டை எடுக்கப் போகும்போது மருமகன் போன் செய்தார். ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பசையக்கா சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். மேசையில் கிடந்த பழைய செய்தித்தாள்களை வழக்கம்போலப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். அலமாரித் தட்டில் விரிக்க ஆகும் என்று எப்போதும் எடுத்துப் போகிற தாள்கள்தான். செடியின் எண்ணைப் பென்சிலால் எழுதியிருந்ததும் அந்தத் தாள்களில்தான்.

குழந்தை தங்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது இரண்டு தாள்களும் இரண்டு சீட்டுகளும் மேசையில் அப்படியே இருந்தன. எது எதற்கு என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. யாரையும் கேட்கவில்லை. இதுதான் இது என்று முடிவு கட்டி ஒட்டிவிட்டாள்.

பிறகு அலுவலகத்துக்கு இளம் ஆராய்ச்சியாளர் ஒருத்தி வந்து சேர்ந்தாள். இருபத்தொன்பது வயதுதான், ஆனால் எல்லோருக்கும் மேடம். அலமாரி அலமாரியாகத் துழாவியவள் ஒருநாள் வடக்கு மலைச் சீட்டு ஒட்டிய தாளை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, இதுக்கு இன்னும் யாருமே பேர் வைக்கலை! உலகத்துக்கே புதுசு!"

ஒன்றரை வருஷம் அதோடு மல்லுக்கட்டி மேடம் கட்டுரை எழுதினாள். 'வடக்கு மலையைச் சேர்ந்தது' என்று பொருள்படும்படி பெயர் வைத்தாள். கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், பசையக்காவின் சொந்தப் பெயர் அச்சாகியிருந்தது. கணவர் அந்தப் பக்கத்தைத் தன் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

உயிரோடு இருக்கும் செடியைத் தேடி மேடம் இரண்டு தடவை வடக்கு மலை ஏறினாள். பன்னிரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை, கூடப் போன அலுவலக டிரைவர் பாறையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டான். 'பெயர் வைத்த கையோடு அழிந்த செடி' என்று பத்திரிகையில் செய்தி வந்தது.

அந்தச் செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியில் எறும்பு ஏறிவிட்டது. டப்பாக்களை இறக்கிவிட்டு, தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவினாள் பசையக்கா. ஓரத்தில் பென்சில் எழுத்து: தெற்கு முகடு, 417. நடுவில் பழுப்புக் கறையாக ஒரு ஜோடி இலை. இடது இலையின் நுனியைப் பூச்சி அரித்திருந்தது. அந்த நுனியை அவளுக்குத் தெரியும். உடைந்துவிடாமல் இருக்கப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டிய நுனி அது.

திங்கட்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்துப் புகழ்பெற்ற அந்தத் தாளை எடுத்து, கறையின்மேல் வைத்துப் பார்த்தாள். இலைக்கு இலை பொருந்தியது. சீட்டில் மட்டும் வடக்கு மலை, 93. செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி அவள் சொன்னதைக் கணவர் வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அப்புறம் என்ன? ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம். நீயா போயி எதுக்கு மாட்டிக்கிறே? ஒரு செடிதானே!"

"டிரைவர் கால் உடைஞ்சிருக்குங்க."

"நீ சொன்னா கால் கூடிடுமா?"

அவள் ஒவ்வொரு நாளும் மேடத்தின் அறை வாசல்வரை போவாள். ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவாள். இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை, டிரைவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டியபடி அவன் சிரித்தான்.

"வாங்கக்கா. மேடம் அடுத்த வாரம் மறுபடியும் வடக்கு மலைக்குப் போறாங்களாம், கொட்டுற மழையில. போகாதீங்கன்னா கேட்டாத்தானே? என்னாலதான் கூடப் போக முடியலை."

பசையக்கா அங்கிருந்து நேராக மேடத்தின் அறைக்குள் போய், மடித்த செய்தித்தாளை மேசையில் வைத்தாள்.

"மேடம், அந்தச் செடி வடக்கு மலையில கிடையாது. மக ஆஸ்பத்திரியில இருந்த வாரம், சீட்டை நான் மாத்தி ஒட்டிட்டேன்."

மேடம் கறையைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து கறையின்மேல் வைத்தாள். 

"தெற்கு முகட்டுக்குப் போகணும்" என்றாள் கடைசியில். "நீங்களும் வாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் பசையக்கா காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. வியாழக்கிழமை மேடமே ஜீப் ஓட்டினாள். முகட்டுக்குக் கீழே பாதை சட்டென்று அகலமாகி, செம்மண் சேறாகக் கிடந்தது. மேலே தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்களாம், அதற்குச் சாலை. மண் வெட்டும் இயந்திரம் ஒன்று மழைக்கு ஒதுங்கி நின்றது.

"இந்தச் சரிவை எப்போ வெட்டினீங்க?" என்று மேடம் கேட்டாள்.

"போன வியாழக்கிழமைதாம்மா வேலையில இறங்கினோம்" என்றார் அங்கே நின்ற மேஸ்திரி.

பசையக்கா மனசுக்குள் நாட்களை எண்ணினாள். அவளுக்கு விஷயம் தெரிந்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

வெட்டிக் குவித்த புதர்கள் பாதை ஓரத்தில் அம்பாரமாகக் கிடந்தன. மேடம் அவற்றைத் தாண்டி மேலே ஏறிப் போய்விட்டாள். பசையக்கா குவியலுக்குள் கையை விட்டு ஒரு கிளையை இழுத்தாள். எதிரெதிர் இலை, நடுவில் செதில். வாடிக் கருக்கத் தொடங்கியிருந்தது. பச்சையாக எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை; இந்தக் கறுப்பைத்தான் பார்த்திருக்கிறாள். இன்னொன்றை இழுத்தாள். பிறகு இன்னொன்று. பதினேழு வந்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

பாறைக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. அங்கே நாலு செடிகள் தப்பித்திருந்தன. இரண்டில் பூ.

திரும்பி வரும்போது, தார்ச்சாலை வந்ததும் பசையக்காவால் தாங்க முடியவில்லை.

"மேடம், உங்ககிட்ட சொல்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டாங்க."

மேடம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.

"இதை ஏன்க்கா எங்கிட்ட சொன்னீங்க? சீட்டு மாறினதை என்னால மன்னிக்க முடிஞ்சுது. அன்னிக்கு உங்க நிலைமை அப்படி. இதை நான் எங்கே வச்சுக்கிறது?"

 சற்று நேரம் கழித்து வண்டி கிளம்பியது.

அதற்கப்புறம் ஆகவேண்டியது மளமளவென்று ஆயிற்று. வனத்துறை மீதிச் சரிவில் வெட்டுவதை நிறுத்தியது. மேடம் திருத்தம் எழுதி அனுப்பினாள். பெயரை மட்டும் மாற்ற முடியாதாம். முறைப்படி ஒரு தடவை அச்சாகிவிட்டால் அதுதான் பெயர், விதி அப்படி. தெற்கு முகட்டில் மட்டுமே இருக்கும் செடி, உலகம் உள்ளவரைக்கும் வடக்கு மலையின் பெயரைச் சுமக்கும். இயக்குநர் பசையக்காவை அழைத்து, இனிமேல் தாள் ஒட்ட வேண்டாம், கீழே பதிவறையில் உட்காருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். கணவர் சுவரில் இருந்த பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒன்பது நாள் விஷயத்தை மேடம் யாரிடமும் சொல்லவில்லை. 'அக்கா' என்று கூப்பிடுவதும் மெல்லக் குறைந்துபோயிற்று.

மூன்று மாதம் கழித்து டிரைவர் வேலைக்குத் திரும்பினான். பதிவறைக்கு வந்து வண்டிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான். சீட்டு மாறின கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்குப் பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். அவன் வருத்தமாகக் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனான். பசையக்கா எழுந்து வாசல்வரை வந்தாள். அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தான்.